எடுத்துட்டாங்க

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிர்ச் சந்தில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கறிக்கடைக்காரர்கள். நான் ஒருவன்தான் கத்தியை விட்டுவிட்டு ஸ்குரூ டிரைவரைப் பிடித்தவன். அண்ணன் இன்றைக்கும் கிண்டல் செய்வார்: "நானும் அறுக்கறேன், நீயும் அறுக்கற. எங்கிட்ட வர்ற ஆடு ஒரு வாட்டி கத்துறதோட சரி. உங்கிட்ட வர்றவங்க வூடு வரைக்கும் வந்து கத்துறாங்க." அவர் சொல்வது பொய்யில்லை. இப்போது வருகிற போன்களை அப்படித்தான் செய்து அனுப்புகிறார்கள். எங்கே பார்த்தாலும் பசை. முதுகைச் சூடு காட்டிக் கிளப்பினால் கண்ணாடி விரியும், பேட்டரியை நெம்பினால் புகையும். யாரும் திறக்கவே கூடாது என்று ஒட்டி மூடிய பொருளை நான் திறக்க வேண்டும், உடைந்தால் பழியும் எனக்கு. இருபது வருடமாக இந்தக் கோபத்தோடுதான் கடையைத் திறந்து மூடுகிறேன்.

அதனால்தான் அந்த போனைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதைக் கொண்டுவந்தவர் கல்வராயன் மலையில் இருக்கும் ஓர் அக்கா. புளியும் கடுக்காயும் மூட்டை கட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் வருவார். சரக்கைப் போட்டுவிட்டு, திரும்பும் பஸ் வரும்வரை என் கடையில் உட்கார்ந்து டீ குடிப்பார். ஒரு பொங்கலுக்கு அவரோடு மகளும் வந்திருந்தாள். பன்னிரண்டாவது முடித்த கையோடு மெட்ராஸ் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். மலையில் வீட்டுக்கு ஒரு பெண் இப்படிப் போயிருக்கிறாள். வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கும் சலுகை விலையில் அப்பாவுக்கென்று ஒரு போன் வாங்கி வந்திருந்தாள். எழுத்து பெரிதாகத் தெரிகிற மாதிரி வைத்துத் தர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

"உள்ள எப்படி இருக்குன்னு பாக்கலாமா பாப்பா? முதுகக் கிளப்பணும்னா சூடு காட்டணும்" என்றேன்.

அவள் சிரித்துவிட்டு என் கையிலிருந்து வாங்கினாள். ஓரத்தில் இருந்த பள்ளத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து இழுத்தாள். முதுகு கையோடு வந்துவிட்டது. உள்ளே பசையே இல்லை. ஒரே அளவு திருகாணிகள், எந்தப் பாகம் எது என்று எண் போட்டிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். திறப்பவனும் மனிதன்தான் என்று ஒருத்தன் நினைத்துச் செய்த பொருள் அது.

கேமராவிலிருந்து போகும் நகக்கண் அளவு பட்டையை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். "நாள் பூரா நான் இத ஒண்ணுதான் பாய் சொருவிக்கினு இருப்பேன். இதுக்கு முன்னாடியும் தெரியாது, பின்னாடியும் தெரியாது. போன் முழுசா ஆயி வெளிச்சம் வர்றத இங்கதான் பாக்கறேன்."

பெட்டியில் மடித்து வைத்த தாள் ஒன்று இருந்தது. பல மொழிகளில் எழுதியிருந்தார்கள், தமிழும் இருந்தது. கடையில் ஆளில்லாத நேரம். நான் உரக்கப் படித்தேன். இந்தப் போனை நீங்களே திறக்கலாம். பாகங்கள் பல வருடத்துக்குக் கிடைக்கும். இதைச் செய்தவர்களுக்கு நியாயமான சம்பளம் தரப்படுகிறது. யாரும் கட்டாயப்படுத்தி வேலை வாங்கப்படுவதில்லை. அவர்களுக்கு ஓய்வு உண்டு, குடும்பத்தோடு தொடர்பு உண்டு. இதில் எதிலாவது சந்தேகம் இருந்தால் கீழே உள்ள எண்ணுக்கு அழையுங்கள்.

"சம்பளம் தேதிக்கு வந்துடுது பாய். சோறும் பரவால்ல" என்றாள் பெண். குடும்பத்தோடு தொடர்பு என்ற வரியில் மட்டும் விரலை வைத்தாள். "உள்ள போறப்ப நம்ம போன கேட்டுலயே வாங்கிப் பொட்டில போட்டுப் பூட்டிடுவாங்க. ஷிப்டு முடிஞ்சாதான் தருவாங்க."

"அவசரம்னா?" என்று கேட்டார் அக்கா.

"அதுக்குத்தான் நம்பர் போட்டிருக்குதே. யாராவது நாங்க வேலை செய்யற லைனுக்கு வந்து சொல்லுவாங்க."

நான் அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி, போனின் முதுகு மூடிக்கு உள்பக்கம் ஒட்டினேன். "யக்கா, இது ஹலால் போனு. பயப்படாம வெச்சிக்க" என்றேன். அந்த அக்காவுக்குச் சொல் பிடித்துப்போய்விட்டது. அதன்பிறகு அவர் வீட்டில் அதற்குப் பெயரே ஹலால் போன் ஆகிவிட்டது.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் கறிக்கடை வீட்டில் பிறந்தவனுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். அறுக்குமுன் ஆட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். அதன் கண்ணெதிரே கத்தி தீட்டக் கூடாது. ஓர் ஆடு பார்க்க இன்னோர் ஆட்டை அறுக்கக் கூடாது. அண்ணன் இதையெல்லாம் செய்கிறார். வாங்க வருகிறவர்கள் யாரும் அதை நேரில் பார்ப்பதில்லை. அவர் சொல்கிறார், இவர்கள் நம்புகிறார்கள். நானும் அந்தத் தாள் சொன்னதை நம்பினேன். மற்றவருக்கும் வாக்குக் கொடுத்தேன்.

வெயில் காலத்தில் அந்தப் போனில் சார்ஜ் ஏறாமல் போனது. சார்ஜ் ஒயர் சொருகும் இடம் ஆடிவிட்டது. மூன்று திருகாணி கழற்றினால் மாற்றிவிடலாம், பாகம்தான் வேண்டும். கம்பெனிக்கு எழுதிக் கேட்டேன். அனுப்புவதாகப் பதில் வந்தது. மூன்று வாரமாகியும் பாகம் வரவில்லை. போன் முதுகு திறந்தபடி என் மேசையில் கிடந்தது. வேறு போனாக இருந்தால் ஏதாவது டூப்ளிகேட் பாகத்தைப் போட்டு அனுப்பியிருப்பேன். இதில் போட மனம் வரவில்லை.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் புது எண்ணிலிருந்து அழைப்பு. அந்த அக்காவின் தம்பி பேசினார். அவர்கள் ஊரில் பாறை மேல் ஏறி நின்றால்தான் டவர் கிடைக்கும். பேச்சு விட்டுவிட்டு வந்தது.

"பாய், மாமா பூட்டாரு. விடிகாலைல நெஞ்சு வலின்னாரு, அவ்ளோதான். பொண்ணு போன் அடிக்குது, எடுக்க மாட்டறா. ஷிப்டுக்குப் போயிட்டா போல. அந்த கம்பெனி நம்பரு உங்கிட்ட இருக்கற போன்லதான் கீதாம். நீ பேசு பாய். அவ மூஞ்சி பாக்கணும். அவ வந்தாதான் எடுக்கணும்னு அக்கா அழுவுது."

"இன்னாலில்லாஹி" என்றேன். அப்பா முகத்தை மகள் பார்க்க வேண்டும். மலையில் ஐஸ் பெட்டி கிடையாது, வெயிலோ கொளுத்துகிறது. பொழுது சாயும்வரை வைத்திருப்பார்கள். எட்டு, ஒன்பது மணிக்குள் அவளுக்குச் சேதி போனால், பஸ் பிடித்து மலை ஏறிவிடலாம். என் கணக்கு அவ்வளவுதான்.

நான் ஒட்டிய துண்டுத் தாளைப் பார்த்து நானே அழைத்தேன். மெஷின் பேசியது. ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்றது. பாட்டு போட்டது. அரை மணி நேரம் கழித்து ஒரு பெண் எடுத்தாள். சின்ன வயதுக் குரல், மரியாதையான தமிழ்.

"பொருள் பத்தின புகாருங்களா சார், அதைச் செஞ்சவங்க பத்தின புகாருங்களா?"

"புகார் இல்லம்மா, சாவு" என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

போனுக்குள் அச்சடித்திருக்கும் பதினைந்து இலக்க எண் இல்லாமல் பதிவு ஆகாது என்றாள். படித்துச் சொன்னேன். பெண்ணின் பெயர், ஊர், அப்பா பெயர் எல்லாம் சொன்னேன். ஏழு வேலை நாளுக்குள் பதில் வரும் என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். அவள் குரல் தழுதழுத்துவிட்டது.

"நான் அந்தக் கம்பெனியே இல்லைங்க சார். போன் எடுக்கறதுக்கு மட்டும் எங்களை வெச்சிருக்காங்க. அந்த ஃபேக்டரி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. அவசரம்னு போட்டு மேல அனுப்பிட்டேன். சொல்லிருவாங்க சார்."

அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். உடனே தம்பியை அழைத்தேன். பாறை மேலேயே நின்றிருந்தார் போலிருக்கிறது, முதல் மணியிலேயே பேசினார். காற்று இரைந்தது. லைன் கட்டாவதற்குள் சொல்லிவிட வேண்டுமே என்று கத்தினேன்.

"எடுத்துட்டாங்கப்பா. சொல்லிட்டேன். கவலப்படாத!"

எடுத்துவிட்டார்கள் என்பது உண்மை. சொல்லிவிட்டேன் என்பதும் உண்மை. இரண்டிலும் ஓர் எழுத்துப் பொய் கிடையாது. ஆனால் பாறை மேல் நின்றவர் காதில் அது எப்படி விழுந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது. கம்பெனி எடுத்துவிட்டது, பெண்ணுக்குச் சொல்லியாகிவிட்டது, பெண் கிளம்பிவிட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி, மகள் இருந்த கம்பெனி ஹாஸ்டலிலேயே தங்கி இரவு ஷிப்ட் பார்க்கிறவள். அந்த நேரம் அறைக்குத் திரும்பி, போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். அவளைவிட்டுச் சேதி அனுப்பலாம் என்று அவள் எண்ணை வாங்கி வரத் தம்பி கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டதும் பாறையை விட்டு இறங்கி, பந்தல் போடப் போய்விட்டார்.

பன்னிரண்டு மணிக்கு நான் கடையை இழுத்து மூடிவிட்டு ஜும்மாவுக்குப் போனேன். வழக்கம்போல் போனை அணைத்தேன். தொழுகையில் அந்த மனிதருக்காகவும் கேட்டேன். பிறகு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக் கண் அயர்ந்துவிட்டேன். அணைத்த போன் அணைத்தபடியே சட்டைப் பையில் இருந்தது. மூன்றரை மணிக்குக் கடைக்கு வந்துதான் அதற்கு உயிர் கொடுத்தேன். தம்பியைக் கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. காரியத்தில் இருப்பார்கள், பெண்ணும் இந்நேரம் பாதி வழி வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐந்தரை மணிக்கு அழைப்பு வந்தது.

"பாய்... எடுத்துட்டாங்க பாய்" என்றார் தம்பி.

காலையிலிருந்து என் மண்டையில் அந்த ஒரு சொல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரர்களே போனை எடுத்துப் பேசி, பெண்ணை அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்! நான்தான் காலைலயே சொன்னேன்ல, எடுத்துட்டாங்கன்னு! சந்தோஷம்ப்பா, ரொம்ப சந்தோஷம்!"

 அவர் மெதுவாகக் கேட்டார்: "இன்னா பாய் சொல்ற? மாமாவ எடுத்துட்டோம்னு சொல்றேன்."

என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. பாப்பா எங்கே என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

"காலைலயே தெரிஞ்சும் வரலியே பாய். லீவு கேட்டாளோ கேக்கலியோ. சாயந்தரம் வரைக்கும் வெச்சிருந்தோம். மதியம் உங்கிட்டயாவது கேக்கலாம்னு அடிச்சா, உன் போனு ஆஃபு. அப்பன் சாவ விட அவளுக்கு வேலை ஜாஸ்தியாப் போச்சுன்னு பொம்பளைங்க பேசிக்கினு கீறாங்க."

அதைக் கேட்ட பிறகு எனக்குக் கடையில் உட்கார முடியவில்லை. ஒரு பெண் அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை என்பதோடு போகவில்லை. பார்க்க வராதவள் என்ற பெயரும் அவளுக்கு வந்துவிட்டது. அந்தப் பெயரை வைத்தது என் வாய்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மலை ஏறினேன். அவள் விடியும்போதே வந்து சேர்ந்திருந்தாள். கம்பெனி அடையாள அட்டை கழுத்தில் அப்படியே தொங்கியது. வீட்டு ஓரமாகத் தனியாக உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் யாரும் இல்லை. அத்தைமார்கள் அவளைப் பார்க்காமலே போய்வந்தார்கள்.

இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டு நின்றுகொண்டே சொன்னேன். "இவளுக்குச் சேதியே போவல. நான் பேசினது கம்பெனி ஆளே இல்ல. யாரோ எடுத்தாங்க, எழுதிக்கினாங்க, அவ்ளோதான். எடுத்துட்டாங்கன்னு நான் சொன்னது அதத்தான். தப்பு என்னுது. பாப்பாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

தம்பிக்கு அது விளங்கவே இல்லை. கெட்டவர் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். "எடுத்தா சொல்றதுக்குத்தானே பாய் எடுப்பாங்க? வேற எதுக்கு எடுக்கணும்?"



பெண் தலை நிமிராமல் பேசினாள். "ரெண்டரைக்கு ஷிப்டு முடிஞ்சுது பாய். ஆள் கம்மி, ஓவர் டைம் பாக்கறியான்னு கேட்டாங்க. யாரும் அடிச்சு நிறுத்தல. அப்பாவுக்குக் கம்பளி வாங்கலாம்னு சரின்னு சொன்னேன். ஆறரைக்கு வெளிய வந்து போன வாங்கிப் பாத்தா மாமா நம்பர்ல இருந்து அத்தினி கால். லைனுக்கு யாருமே வரல பாய்."

கட்டாயப்படுத்தி வேலை வாங்குவதில்லை என்று அந்தத் தாளில் இருந்தது. சரிதான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. குடும்பத்தோடு தொடர்பு உண்டு என்று இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் போனைக் கையில் கொடுத்துவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் அழையுங்கள் என்று இருந்தது. அழைத்தேன், எடுத்தார்கள். ஒரு வரியைக்கூடப் பொய் என்று பிடித்துக் காட்ட என்னால் முடியவில்லை. நான் பாறைக்குச் சொல்லி அனுப்பிய இரண்டு வாக்கியங்களும் அந்த ரகம்தான். யாரை நான் திட்டுவது?

அக்கா என்னைப் பார்த்தார். "நீ ஒட்டின நம்பருதானே பாய்?" என்று கேட்டார். திட்டும் குரல் இல்லை. நான் ஆமாம் என்றேன். எனக்கும் சேர்த்து ஒரு டம்ளர் கஞ்சி கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கி வந்தேன், பஸ்ஸில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதேன்.

எட்டாம் நாள் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் கோரிக்கை நிறைவேற்றப்பட்டது, சம்பந்தப்பட்ட ஊழியர் குடும்பத்தினருடன் தொடர்பில் இருப்பது உறுதி செய்யப்பட்டது, எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று கேட்டிருந்தார்கள். அன்றைக்கே கூரியரில் பாகமும் வந்தது. அசல் பாகம், சொன்னபடி. மூன்று திருகாணி, ஐந்து நிமிடம், சார்ஜ் ஏறிவிட்டது. இவ்வளவு சுத்தமாகச் செய்யத் தெரிந்தவர்கள்தான் அவர்கள். பொருளுக்கு வேண்டியது மலையடிவாரம் வரை வந்து சேர்கிறது. செய்தவளுக்கு வேண்டியது கேட்டிலிருந்து லைன் வரை போய்ச் சேரவில்லை.

எனக்கும் பேச யோக்கியதை இல்லைதான். செத்த போன்களின் போர்டுகளைச் சாக்கில் கட்டி, அதை வாங்க வருகிற சாக்குக்காரனிடம் எடைக்குப் போடுகிறேன். எங்கே கொண்டுபோகிறான், யாரை வைத்து உருக்குகிறான் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. அந்த வாரம் சாக்குக்காரன் வந்தபோது கேட்டேன். "இன்னா பாய் புதுசா கேக்கற" என்று சிரித்துவிட்டுப் போனான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

கருமாதி முடிந்து, திரும்பிப் போவதற்கு முந்தின நாள் அவள் கடைக்கு வந்தாள். அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும், போன் தயாரா என்று கேட்டாள்.

"திரும்ப அங்கயேவா போற?"

"போவாம? அதே லைனுதான் பாய். அதே பட்டைதான்."

போனை ஆன் செய்து கொடுத்தேன். வெளிச்சம் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நகத்தை வைத்து முதுகைக் கழற்றி, உள்ளே ஒட்டியிருந்த துண்டுத் தாளைச் சுரண்டி எடுத்தாள். மன்னிப்புக் கேட்க இதுதான் நேரம் என்று தோன்றியது. "பாப்பா, அன்னிக்கு உங்க மாமா மதியம் கூப்பிட்டப்ப என் போனும் ஆஃப்தான். எடுத்திருந்தா விஷயம் அப்பவே தெரிஞ்சிருக்கும். அந்த ஹாஸ்டல் பொண்ணுகிட்ட சொல்லி உன்ன இட்டாந்திருப்பாங்க. நீ வர்ற வரைக்கும் வெச்சிருந்திருப்பாங்க" என்றேன்.

"தெரியும் பாய். மாமா சொல்லிச்சு."

சுரண்டிய தாளைச் சின்னதாக மடித்து மேசையில் வைத்தாள். கழற்றிய மூடியை என் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க நம்பர எழுதி ஒட்டுங்க பாய். ஏதாச்சும் ஒண்ணுன்னா அம்மா உங்களத்தான் கூப்பிடும். ஹாஸ்டல் பொண்ணுங்க நம்பரெல்லாம் உங்ககிட்ட குடுத்துட்டுப் போறேன். நீங்க எடுப்பீங்க இல்ல?"

கொட்டை எழுத்தில் எழுதினேன். ஓர் எண் தப்பாகிவிட்டது, கிழித்துப் போட்டு மறுபடி எழுதி ஒட்டினேன். இப்போதெல்லாம் ஜும்மாவுக்குப் போகும்போது என் போனை அணைப்பதில்லை. ஒலியை மட்டும் நிறுத்தி, நெஞ்சுப் பக்கத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுஜூதில் நெற்றியைத் தரையில் வைக்கிறேன்.